ஒலிம்பிக் நடத்தும் ஊரை எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்குக் கிடைத்துவிட்டது. 2036 ஒலிம்பிக்கும் கேட்கிறார்கள். இதையெல்லாம் வசதியைப் பார்த்துக் கொடுக்கிறார்களா, அரசியல் செல்வாக்கைப் பார்த்தா, இல்லை காசு கைமாறுகிறதா? நடத்தினால் நாட்டுக்கு உண்மையிலேயே பேர் வருமா? நம்ம சென்னை ஏன் கேட்கக் கூடாது?" கேள்விக்குறி நிறைய இருந்தாலும் அடியில் ஓடுகிற சந்தேகம் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. நிச்சயதார்த்தத்தை முடித்துவிட்டுப் பெண் பார்க்கப் போகிற கதையா இது என்று கேட்கிறார். சில தடவை அப்படித்தான் நடந்திருக்கிறது. ஆனால் எப்போது அப்படி நடக்கிறது, எப்போது நடப்பதில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நான் டெல்டாவில் ஒரு கல்லூரியில் முப்பது வருஷத்துக்கு மேல் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவன். பையன்களுக்கு 'பி.டி. சார்'. தடகளத்திலும் கபடியிலும் நடுவராக நின்று தொண்டை கட்டியவன். இந்த ஒலிம்பிக் தேர்தல்களின் ஓட்டுக் கணக்கைப் பழைய டைரிகளில் குறித்து வைப்பது ஒரு பைத்தியம் மாதிரி ஒட்டிக்கொண்டது. சுவிட்சர்லாந்தில் ஒலிம்பிக் கமிட்டிக்காரர்கள் உட்காருகிற அறைக்குள் நான் போனதில்லை. வெளியே வந்த ஓட்டு எண்ணிக்கை, நீதிமன்றத்தில் நிரூபணமானது, சம்பந்தப்பட்டவர்களே ஒப்புக்கொண்டது, இந்த மூன்றை வைத்துத்தான் பேசுகிறேன். குற்றச்சாட்டு மட்டும் இருக்கும் இடத்தில் குற்றச்சாட்டு என்றே சொல்கிறேன்.

முதலில் நம்ம ஊர்க் கதை ஒன்று. பல வருஷத்துக்கு முன் எங்கள் மண்டலத் தடகளப் போட்டியை நடத்த இரண்டு கல்லூரிகள் கேட்டன. எங்கள் கிரவுண்டு கொள்ளிடக்கரைப் படுகை மண். எவ்வளவு மழை கொட்டினாலும் இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் இறங்கிவிடும். இன்னொரு கல்லூரியின் கிரவுண்டு வயலை மேடாக்கிப் போட்டது. சுத்தக் களிமண். ஐப்பசியில் ஒரு மழை அடித்தால் நாலு நாளைக்குக் கால் வைக்க முடியாது. கூட்டத்தில் நான் மண்ணைப் பற்றிப் பேசினேன். அவர்கள் தரப்பில் தாளாளரே வந்து, நடுவர்களுக்கு ஏசி அறை, மூன்று நாளும் இரவு பிரியாணி, வண்டி வசதி என்று பேசினார். ஓட்டு அவர்களுக்குப் போனது. போட்டிக்கு முந்தின நாள் மழை. நீளம் தாண்டும் குழி குட்டையாகிவிட்டது. சுண்ணாம்பு லைன் போடப் போட கரைந்தது. கடைசியில் நூறு மீட்டர் இறுதிப் போட்டியைக் கல்லூரி வாசல் தார் ரோட்டில் ஓடவிட்டோம். பாதிப் பிள்ளைகள் வெறுங்காலோடு. பிரியாணி நன்றாகத்தான் இருந்தது, நானும் சாப்பிட்டேன்.

அங்கே காசு கைமாறவில்லை. யாரும் யாரையும் ஏமாற்றவும் இல்லை. கை தூக்கினவர்கள் யாரும் அந்த டிராக்கில் ஓடப் போவதில்லை, அவ்வளவுதான். அவர்களுக்குத் தங்க வேண்டும், சாப்பிட வேண்டும், ஒழுங்காக வீடு போய்ச் சேர வேண்டும். ஒலிம்பிக் தேர்தலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கூட்டம்தான் ஞாபகம் வரும்.

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியில் சுமார் நூறு உறுப்பினர்கள். அரச குடும்பத்தார், பழைய வீரர்கள், விளையாட்டுச் சம்மேளனத் தலைவர்கள், தொழிலதிபர்கள் எல்லாம் கலந்த ஒரு சங்கம். விதிப்படி அவர்கள் தங்கள் நாட்டின் பிரதிநிதிகள் கிடையாது. தங்கள் நாட்டில் கமிட்டியின் பிரதிநிதிகள். இந்த வரியைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள். யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லாத நூறு பேர், ரகசிய வாக்கெடுப்பு. பழைய முறையில் ஒரு ஊருக்குப் பாதிக்கு மேல் கிடைக்கும்வரை சுற்றுச் சுற்றாக ஓட்டுப் போடுவார்கள், ஒவ்வொரு சுற்றிலும் கடைசியில் வந்த ஊர் கழியும். அதனால் முதல் விருப்பத்தைவிட இரண்டாவது விருப்பம்தான் பல சமயம் தீர்மானிக்கும். "எங்கள் ஊர் கழிந்தால் உனக்குப் போடுகிறோம், உன் ஊர் கழிந்தால் நீ எங்களுக்குப் போடு" என்கிற பேரத்துக்கு இந்த முறை அளவெடுத்துத் தைத்த சட்டை.

1993 செப்டம்பரில் மான்டி கார்லோவில் 2000 ஒலிம்பிக்குக்கு நடந்த தேர்தலைப் பாருங்கள். முதல் சுற்றில் பெய்ஜிங் 32, சிட்னி 30. இரண்டாவதில் 37க்கு 30. மூன்றாவதில் 40க்கு 37, மான்செஸ்டர் 11. மூன்று சுற்றிலும் பெய்ஜிங்தான் முன்னால். மான்செஸ்டர் கழிந்ததும் அந்த 11 ஓட்டில் 8 சிட்னிக்கும் 3 பெய்ஜிங்குக்கும் போனதாகக் கணக்குப் போட்டால் கடைசி எண்ணிக்கை சரியாக வருகிறது: சிட்னி 45, பெய்ஜிங் 43. தியானன்மென் சதுக்கத்தில் மாணவர்கள் சுடப்பட்டு நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவை பெய்ஜிங்குக்குக் கொடுக்காதே என்று தீர்மானமே போட்டிருந்தது. மனித உரிமைதான் பெய்ஜிங்கைத் தோற்கடித்தது என்று அப்போது எல்லாரும் எழுதினார்கள். ஆறு வருஷம் கழித்து, ஆஸ்திரேலிய ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் ஜான் கோட்ஸ் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டார். ஓட்டெடுப்புக்கு முந்தின இரவு கென்யா, உகாண்டா உறுப்பினர்கள் இருவரிடமும், சிட்னி ஜெயித்தால் அவரவர் நாட்டு விளையாட்டு வளர்ச்சிக்குத் தலா 35,000 டாலர் தருவதாகச் சொன்னாராம். அது விதிக்கு உட்பட்டதுதான் என்பது அவர் வாதம். வித்தியாசம் இரண்டு ஓட்டு, பேசப்பட்டவர்களும் இரண்டு பேர். அந்த இருவரும் அதனால்தான் போட்டார்களா என்பது ரகசியச் சீட்டோடு போய்விட்டது. தெரிந்தது இதுவரைக்கும்தான். இதற்கு மேல் சொல்கிறவர் ஊகத்தைச் சொல்கிறார்.

இதே வகையில் நம்ம நாட்டுக் கணக்கு ஒன்றும் உண்டு. 2003 நவம்பரில் ஜமைக்காவில் 2010 காமன்வெல்த் போட்டிக்கான ஓட்டெடுப்பு. டெல்லிக்கு 46, கனடாவின் ஹாமில்டனுக்கு 22. காமன்வெல்த்தில் இருந்த 72 சங்கங்களுக்கும் பயிற்சிச் செலவுக்கென்று தலா ஒரு லட்சம் டாலர் தருவதாக இந்தியா அறிவித்திருந்தது. சிட்னிக்காரர் இரண்டு பேரிடம் ராத்திரியில் தனியாகச் சொன்னதை நாம் 72 பேரிடம் மேடையில் சொன்னோம். ஒன்றுக்குப் பெயர் ஊழல், இன்னொன்றுக்குப் பெயர் உதவித்தொகை. வெளிப்படையாகச் சொன்னது மேல் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் டிராக்கின் தரம் அங்கே ஓட்டை முடிவு செய்தது என்று யாராவது சொன்னால் சிரிப்பு வருகிறது.

நிரூபணமான ஊழல் என்று கைவைத்துச் சொல்லக்கூடியது சால்ட் லேக் சிட்டி. 2002 குளிர்கால ஒலிம்பிக்குக்காக, உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு, வைத்தியச் செலவு, பரிசு என்று அந்த ஊர் குழு வாரி இறைத்திருந்தது. 1998 கடைசியில் இது வெளியே வந்தது. ஓட்டு விற்பனை நடக்கிறது என்று உரக்கச் சொன்னவர் மார்க் ஹோட்லர், அவரே கமிட்டியின் மூத்த உறுப்பினர். ஆறு பேர் நீக்கப்பட்டார்கள், நாலு பேர் தாங்களே விலகினார்கள். அதற்குப் பிறகு உறுப்பினர்கள் போட்டியிடும் ஊர்களுக்குச் சுற்றிப்பார்க்கப் போவது தடை செய்யப்பட்டது. ஆனால் பணம் கொடுத்த ஊர்க் குழுவின் இரண்டு தலைவர்கள் மீதான வழக்கை அமெரிக்க நீதிபதி 2003இல் பாதியிலேயே தள்ளுபடி செய்து விடுவித்துவிட்டார். வாங்கினவர்கள் பதவி போயிற்று, கொடுத்தவர்கள் சட்டப்படி குற்றமற்றவர்கள். ஒலிம்பிக்கும் அதே ஊரில் அமர்க்களமாக நடந்தது.

ரியோ கொஞ்சம் மங்கலான கேஸ். 2016 ஒலிம்பிக்குக்காக 2009இல் கோபன்ஹேகனில் நடந்த ஓட்டெடுப்பில் ரியோ 66, மாட்ரிட் 32 என்று ஜெயித்தது. சிகாகோவுக்காக ஒபாமாவே விமானம் ஏறி வந்து பேசினார். சிகாகோ முதல் சுற்றிலேயே கழிந்தது. பெரிய நாட்டுத் தலைவர் போய் நின்றால் கிடைத்துவிடும் என்கிற நம்பிக்கைக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது. பிறகு ரியோ மாநில முன்னாள் ஆளுநர் செர்ஜியோ கப்ரால், ஓட்டுக்காக இருபது லட்சம் டாலர் கொடுக்கப்பட்டது என்று நீதிமன்றத்தில் சொன்னார். ரியோ குழுத் தலைவர் நூஸ்மானுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது, பிறகு மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. டோக்கியோ 2020 விஷயத்திலும் சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றுக்குப் போன பணத்தைப் பற்றி பிரான்ஸில் விசாரணை நடந்தது. ஜப்பான் ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் தகேதா தவறு எதுவும் இல்லை என்று மறுத்தார், 2019இல் பதவியை விட்டார். இந்த இரண்டையும் 'லஞ்சம் கொடுத்து வாங்கினது' என்று நான் எழுத மாட்டேன். 'சந்தேகம் தீரவில்லை' என்று எழுதுவேன்.

கால்பந்து உலகக் கோப்பை இதற்கு அண்ணன். 2010 டிசம்பரில் 2022 கோப்பையைக் கத்தாருக்குக் கொடுத்த உலகக் கால்பந்துச் சம்மேளன நிர்வாகக் குழுவினர் மொத்தம் 22 பேர். ஓட்டு விலைபேசியதாகச் சிக்கிய இரண்டு பேரை முன்கூட்டியே வெளியே வைத்திருந்ததால்தான் 24 இல்லாமல் 22. கத்தார் 14, அமெரிக்கா 8. ஜூன் மாத வெயிலில் அங்கே ஆட முடியாது என்பது அன்றைக்கே தெரியும். கடைசியில் போட்டியையே நவம்பருக்குத் தள்ளினார்கள். களிமண் கிரவுண்டு என்று தெரிந்தும் கை தூக்கின எங்கள் கூட்டத்தை நான் அதற்கப்புறம் குறை சொல்வதில்லை.

எப்போது பேரம் கொழுக்கிறது, எப்போது வற்றுகிறது என்று முதலில் சொன்னேன் இல்லையா, அதற்கு வருகிறேன். டெல்டாவில் இருக்கிறவர்களுக்கு இது எளிதில் புரியும். தாளடி எல்லாம் ஒரே வாரத்தில் சாய்ந்து, மழை மிரட்டும்போது அறுவடை மெஷின்காரர் சொன்னதுதான் வாடகை. அவருக்கு டீ வாங்கிக் கொடுக்க நாலு பேர் நிற்பார்கள். அதே மெஷின் வேலையில்லாமல் ரோட்டோரம் நின்றால் அவரே போன் போட்டு, "எப்பண்ணே அறுப்பு?" என்பார். ஒலிம்பிக் கமிட்டியும் அந்த மெஷின்காரர்தான். கேட்கிற ஊர் அதிகமானால் கமிட்டிக்காரருக்கு மவுசு, லஞ்சத்துக்கு இடம். கேட்க ஆள் இல்லாவிட்டால் ஊர் வைத்ததே சட்டம்.

1976 குளிர்கால ஒலிம்பிக் டென்வருக்குக் கிடைத்த பிறகு, 1972இல் கொலராடோ மக்கள் ஓட்டுப் போட்டு "காசு தர மாட்டோம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இன்ஸ்ப்ரூக்கில் நடந்தது. அதே 1976இல் கோடைக்கால ஒலிம்பிக் நடத்திய மான்ட்ரியல் அந்தக் கடனை 2006இல்தான் அடைத்து முடித்தது. முப்பது வருஷம். மியூனிக்கில் 1972இல் இஸ்ரேல் வீரர்கள் கொல்லப்பட்டது, மான்ட்ரியல் கடன், இரண்டையும் பார்த்து எல்லாரும் ஓடிவிட்டார்கள். 1984க்கு டெஹ்ரான் விலகிய பிறகு எஞ்சி நின்றது லாஸ் ஏஞ்சலஸ் மட்டும். அதனால் அந்த ஊர் தன் நிபந்தனையைப் போட்டது: நஷ்டம் வந்தால் நகராட்சி பொறுப்பேற்காது, இருக்கிற மைதானங்களையே பயன்படுத்துவோம். இருபது கோடி டாலருக்கு மேல் மிச்சம் பிடித்தது. அந்த லாபத்தைப் பார்த்துக் கூட்டம் திரும்பி வந்தது. கூட்டம் வந்த அந்தக் காலத்தில்தான் சால்ட் லேக் கதை.

இப்போது மறுபடி வறட்சி. 2022 குளிர்காலத்துக்கு ஓஸ்லோ, ஸ்டாக்ஹோம் எல்லாம் விலகி, மிஞ்சினது பெய்ஜிங்கும் அல்மாட்டியும், 44க்கு 40. பனி அதிகம் விழாத ஊருக்குக் குளிர்கால ஒலிம்பிக் போனதன் பின்னணி இது. 2024க்குப் பாஸ்டன், ஹாம்பர்க், ரோம், புடாபெஸ்ட் என்று வரிசையாக விலகின. பாரிஸும் லாஸ் ஏஞ்சலஸும் மட்டும் மிஞ்ச, விட்டால் போய்விடும் என்று 2017இல் லிமாவில் இரண்டுக்கும் ஒரே நாளில் ஒன்றுக்கு 2024, இன்னொன்றுக்கு 2028 என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். காமன்வெல்த் நிலைமை இன்னும் பரிதாபம். 2022 போட்டி டர்பனிடமிருந்து பறிக்கப்பட்டு பர்மிங்காம் போயிற்று. 2026 போட்டியை ஏற்ற விக்டோரியா மாநிலம் 2023 ஜூலையில் கைகழுவி, 38 கோடி ஆஸ்திரேலிய டாலர் நஷ்டஈடு கட்டிவிட்டு வெளியே போனது. கிளாஸ்கோ ஒரு சின்ன பதிப்பை நடத்த முன்வந்தது. 2030க்கு அகமதாபாத்தோடு போட்டியில் நின்றது நைஜீரியாவின் அபுஜா மட்டும். ஆகவே அந்த வெற்றியை, உலகமே ஏலத்தில் நின்று நாம் தட்டிக்கொண்டு வந்ததாக யாராவது மேடையில் பேசினால் கொஞ்சம் தள்ளுபடி போட்டுக் கேளுங்கள். கிடைத்தது கௌரவம்தான். ஆனால் கடையில் கூட்டம் இல்லாத நேரம்.

கூட்டம் குறைந்ததால் ஒலிம்பிக் கமிட்டி 2019இல் முறையையே மாற்றியது. இப்போது பல ஊர்கள் மேடையில் மோதுகிற தேர்தல் இல்லை. ஒரு சிறு குழு ஊர்களோடு தொடர்ந்து பேசும், ஒன்றைப் பொறுக்கும், அதோடு மட்டும் நெருங்கிப் பேசும், கடைசியில் முழுக் கூட்டத்தில் சரியா தப்பா என்று ஓட்டு. பிரிஸ்பேனுக்கு 2032 இப்படித்தான் 2021இல் கிடைத்தது, 72க்கு 5. எதிரே யாரும் நிற்கவில்லை. 2021 பிப்ரவரியில் பிரிஸ்பேனைப் பொறுக்கிவிட்டோம் என்று சொன்னபோது, தாங்களும் கேட்டுக்கொண்டிருந்த ஜெர்மானியர்களுக்குக் கடும் கோபம். இந்தப் புது முறையை வகுத்த குழுவுக்குத் தலைவர் யார் தெரியுமா? அதே ஜான் கோட்ஸ். பிரிஸ்பேன் பற்றிய முடிவில் தான் கலந்துகொள்ளவில்லை என்பது அவர் தரப்பு. லஞ்சத்துக்கு இடம் குறைந்திருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன், நூறு ஓட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் முன்பு தோற்றவனுக்கு எத்தனை ஓட்டில் தோற்றோம் என்றாவது தெரிந்தது. இப்போது ஏன் தோற்றோம் என்பதே தெரியாது. நடுவராக இருந்தவன் என்கிற முறையில் எனக்கு இது உறுத்துகிறது. ஸ்கோர் ஷீட்டை மைதானத்தில் ஒட்டாமல் ரிசல்ட் மட்டும் சொல்வது மாதிரி.

பேர் வருமா என்கிற கேள்வி. 1936 பெர்லின் ஒலிம்பிக்கை ஹிட்லருக்குக் கொடுத்தார்கள் என்று பலரும் எழுதுகிறார்கள். கொடுத்தது 1931இல், அப்போது ஜெர்மனியில் குடியரசு. ஹிட்லர் வந்தது 1933இல். கொடுக்கிற அன்றைக்கு இருக்கிற ஆட்சி நடத்துகிற அன்றைக்கு இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சியோலில் இது தலைகீழாக நடந்தது. 1981இல் ராணுவத்தவரான சுன் டூ-ஹ்வான் ஆட்சியில் வாங்கினார்கள், நகோயாவை 52க்கு 27 என்று தோற்கடித்து. 1987இல் மக்கள் தெருவில் இறங்கி நேரடித் தேர்தலை வாங்கின பிறகு 1988இல் நடந்தது. உலகமே பார்த்துக்கொண்டிருந்ததால் துப்பாக்கிச் சூடு நடத்தத் தயங்கினார்கள் என்று ஒரு வாதம் உண்டு. நம்பத்தோன்றுகிறது. ஆனால் 1968இல் மெக்சிகோ நகரத்தில் ஒலிம்பிக் தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது, உலகப் பத்திரிகையாளர்கள் ஊருக்குள் இருக்கும்போதே, மாணவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அதனால் அந்த வாதத்தை நான் விதியாக எடுத்துக்கொள்வதில்லை.

நமக்கு நெருக்கமான உதாரணம் 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டி. சுகர்னோ அரசு இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் விசா கொடுக்கவில்லை. ஆசிய விளையாட்டை உருவாக்கினவர்களில் ஒருவரான நம்ம ஜி.டி. சோந்தி, அப்படியானால் இதை ஆசியப் போட்டி என்று சொல்லக் கூடாது என்றார். கூட்டம் இந்தியத் தூதரகத்தைத் தாக்கியது. இந்தியா தென்கொரியாவை 2-1 என்று வென்ற கால்பந்து இறுதிப் போட்டியில் அரங்கமே நமக்கு எதிராகக் கூச்சல் போட்டது. ஒலிம்பிக் கமிட்டி இந்தோனேசியாவை இடைநீக்கம் செய்தது. பேர் வாங்க நடத்தின போட்டி பேரைக் கெடுத்தது. அந்தக் கட்டடங்களை யாரும் குறை சொல்லவில்லை, மைதானம் அருமையான மைதானம்.

டெல்லி 2010க்கு எதிர்ப்பக்கத்துப் பிரச்சினை. வரவேற்பில் குறையில்லை, தயாரிப்பில்தான் குறை. தொடங்கப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது நேரு அரங்கத்தின் பக்கத்தில் நடைபாலம் இடிந்தது. வீரர்கள் குடியிருப்பின் அசுத்தப் படங்கள் உலகம் முழுக்கப் போயின. போட்டி என்னவோ நன்றாக முடிந்தது, நமக்கு 38 தங்கம், மொத்தம் 101 பதக்கம், இரண்டாம் இடம். இன்றைக்கு யாரிடமாவது டெல்லி காமன்வெல்த் என்று சொல்லிப் பாருங்கள், அந்த 101 ஞாபகம் வருகிறதா, ஊழல் புகாரில் சிக்கிய ஏற்பாட்டுக் குழுத் தலைவர் கல்மாடி ஞாபகம் வருகிறாரா? மெடல் வாங்கின பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இதில்தான் வருத்தம்.

சென்னை ஏன் கேட்கக் கூடாது என்றால், மாநிலம் நேராகக் கேட்க முடியாது. நாட்டின் ஒலிம்பிக் சங்கம் வழியாகத்தான் போக வேண்டும், அரசாங்க உத்தரவாதமும் வேண்டும். அந்தச் சங்கம் அகமதாபாத்தைத்தான் முன்வைத்திருக்கிறது. ஆனால் சென்னைக்கு இந்த விளையாட்டில் அனுபவம் குறைவில்லை. 1995இல் தெற்காசியப் போட்டி நடத்தினோம். 2013இல் ஆனந்த்-கார்ல்சன் உலகச் சதுரங்கப் போட்டியைச் சென்னைக்குத் திறந்த ஏலம் இல்லாமலே கொடுத்தார்கள். பாரிஸும் கேட்க, கார்ல்சன் தரப்பு வெளிப்படையாக அதிருப்தி சொன்னது. நமக்குக் கிடைத்ததால் நமக்கு இனித்தது. 2022 சதுரங்க ஒலிம்பியாட் மாஸ்கோவில் நடக்க வேண்டியது. உக்ரைன் போரால் அங்கிருந்து எடுத்தார்கள், மாமல்லபுரத்துக்கு வந்தது. நாலே மாதத்தில் தயார் செய்து அருமையாக நடத்தினோம், குதிரை வேட்டி கட்டி நின்ற 'தம்பி' சின்னம் எங்கள் கும்பகோணம் பஸ்ஸிலும் ஒட்டியிருந்தது. ஆனால் ஜோதி ஓட்டம் ஜம்மு காஷ்மீர் வழியாகப் போனதைக் காரணம் காட்டி, சென்னை வந்து இறங்கிவிட்ட பாகிஸ்தான் அணி தொடக்க நாளிலேயே திரும்பிப் போனது. 2024 குகேஷ்-டிங் போட்டிக்குச் சென்னையும் டெல்லியும் கேட்டன, சிங்கப்பூருக்குப் போயிற்று. ஒரே நாட்டிலிருந்து இரண்டு ஊர் தனித்தனியாகக் கேட்டது நமக்கு உதவியிருக்காது என்பது என் சொந்த எண்ணம், ஆதாரம் எதுவும் கிடையாது.

பாகிஸ்தான் என்றதும் 2036 விஷயத்துக்கு வந்துவிடுகிறேன், ஏனென்றால் அங்கேயும் முள் இதுதான். 2019 பிப்ரவரியில் புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு டெல்லி துப்பாக்கிச் சுடும் உலகக் கோப்பைக்குப் பாகிஸ்தான் வீரர்களுக்கு விசா கொடுக்கவில்லை. உடனே ஒலிம்பிக் கமிட்டி, இந்தியாவோடு எந்தப் போட்டி நடத்துவது பற்றியும் பேச மாட்டோம் என்று நிறுத்தியது. தகுதி பெற்ற எல்லாருக்கும் அனுமதி உண்டு என்று நம் அரசு எழுதிக் கொடுத்த பிறகு ஜூனில்தான் தடை விலகியது. 2025 ஆகஸ்டில் அரசு வெளியிட்ட கொள்கையிலும் பாகிஸ்தானோடு இருதரப்புப் போட்டி கிடையாது, பல நாடுகள் கலந்துகொள்ளும் போட்டிக்குத் தடையில்லை என்று பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். அது உள்ளூர் அரசியலுக்குச் சொன்னதாகப் படலாம். என் கணக்கில் பாதி 2036க்குச் சொன்னது.

உறுதியானவற்றை மட்டும் சொல்கிறேன். 2024 அக்டோபரில் இந்தியா விருப்பக் கடிதம் கொடுத்தது. 2025 ஜூனில் கிர்ஸ்டி கோவென்ட்ரி ஒலிம்பிக் கமிட்டித் தலைவராகப் பொறுப்பேற்றதும், ஊர் தேர்ந்தெடுக்கும் முறையையே சற்று நிறுத்தி மறுபடி யோசிக்கலாம் என்றார்கள். உறுப்பினர்களுக்கு இன்னும் அதிகப் பங்கு வேண்டும் என்பது அவர்கள் மனக்குறை. கத்தார், இந்தோனேசியா, துருக்கி என்று கேட்கிறவர்கள் பலர். அதாவது 2036க்கு மறுபடி மெஷின்காரர் பக்கம் கூட்டம். நம் பக்கத்துச் சுமைகளும் தெரிந்தவை. சங்கத் தேர்தல் தகராறால் 2012 டிசம்பரிலிருந்து 2014 பிப்ரவரி வரை இந்தியா இடைநீக்கத்தில் இருந்தது. 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் நம் பிள்ளைகள் மூவர்ணக்கொடி இல்லாமல் ஒலிம்பிக் கொடியின் கீழ் நடந்தார்கள். ஊக்கமருந்துச் சோதனையில் 2023ஆம் ஆண்டுக் கணக்கில், அதிகச் சோதனை செய்கிற பெரிய நாடுகளில் நம் சதவீதம்தான் மோசம். அகமதாபாத்தில் ஒரு லட்சம் பேர் உட்காரும் அரங்கம் இருப்பதைவிட இவை இரண்டும்தான் அந்த அறைக்குள் பேசப்படும் என்பது என் அனுபவக் கணிப்பு. கிடைக்குமா என்று பந்தயம் கட்டச் சொன்னால் 2036க்குக் கட்ட மாட்டேன், 2040க்குக் கட்டுவேன். இது கணிப்புதான், கணக்கு இல்லை.

இவ்வளவு பாடு எதற்கு, ஒரே ஊரில் வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்பீர்கள். எங்கள் ஊர் மகாமகத்தை எந்த ஊரும் ஏலம் கேட்டதில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதே குளம், மாசி மகம், அதற்கு முந்தின வருஷம் அவசர அவசரமாக ரோடு. கிரீஸின் தலைவர் கரமன்லிஸ் 1976இலும் 1980இலும் இதைத்தான் சொன்னார்: ஒலிம்பியாவிலேயே நிரந்தரமாக நடத்திவிடுங்கள். யாரும் காதில் வாங்கவில்லை. ஓட்டு இல்லாவிட்டால் ஓட்டுக்காரர்களுக்கு வேலை இல்லையே. ஆனால் நிரந்தர இடம் என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். 1992 மகாமகத்தில் ஏறக்குறைய ஐம்பது பேர் நெரிசலில் செத்தார்கள். முதலமைச்சர் நீராட வந்த நாள் அது. அடுத்த மகாமகமும் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கும் ஒரே 2028இல்தான் வருகின்றன, மாசியில் ஒன்று, ஆடியில் ஒன்று. இரண்டையும் பார்த்துவிட வேண்டும் என்று இருக்கிறேன், ஒன்று நேரில், ஒன்று டிவியில்.

அந்த மண்டலப் போட்டி என்ன ஆயிற்று என்று கேட்காமல் விட்டீர்களே. மறு வருஷம் எங்கள் கல்லூரிக்கே கொடுத்தார்கள், ஒரு எதிர்ப்பும் இல்லாமல். படுகை மண்ணின் அருமை புரிந்துவிட்டது என்று கொஞ்ச நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்த வருஷம் வேறு யாருமே கேட்கவில்லை.